சிரிக்கும் முகத்தைத் தொட்டவள்

மயக்க மருந்து கொடுத்து அறுவை செய்த குழந்தைகளுக்கு, விழித்த பிறகு எவ்வளவு வலிக்கிறது என்று குறித்துவைப்பது என் வேலை. ஆராய்ச்சிக்காக. பெங்களூரில் ஒரு மருத்துவமனையின் குழந்தைகள் வார்டில் இந்த உத்தியோகம் பார்த்தேன். கையில் ஓர் அட்டை. அதில் சிரிப்பதிலிருந்து அழுவது வரை வரிசையாக முகங்கள். குழந்தை எந்த முகத்தைத் தொடுகிறதோ, அதற்குரிய எண்ணைப் படிவத்தில் எழுதவேண்டும். சிரிக்கும் முகத்துக்குப் பூஜ்யம். எங்கள் வார்டில் பூஜ்யங்களுக்குப் பஞ்சமே இல்லை. மருந்து நன்றாக வேலை செய்கிறது என்று எல்லோருக்கும் மகிழ்ச்சி. எனக்குக் கொஞ்சம் தலைக்கனமே வந்திருந்தது.

குடல்வால் எடுக்கப்பட்ட ஏழு வயதுப் பெண் ஒருத்தி வந்தாள். அம்மாவுக்கு பொம்மசந்திராவில் ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலை. அரை மணிக்கு ஒருமுறை அட்டையை நீட்டினேன். நான்கு முறையும் சிரிக்கும் முகம்தான். "சமத்துப் பொண்ணு" என்று கன்னத்தைத் தட்டிவிட்டு வேறு வந்தேன். அதை நினைத்தால் இப்போதும் என்னை நானே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

ஐந்தாவது முறை போனபோது, தலையணை உறை காதுப் பக்கம் நனைந்திருந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டு, விரலை மட்டும் சிரிக்கும் முகத்தின்மேல் வைத்தாள். "நெஜமாவே வலிக்கலையா பாப்பா?" என்று கேட்டேன். அவள் அம்மாவைப் பார்த்தாள்.

"நான்தாங்க்கா சொல்லி வெச்சேன்" என்றாள் அம்மா, தாழ்ந்த குரலில். "வலிக்குதுன்னு அழுதா ஊசி போட்டுருவாங்கன்னு. வீட்லயும் அப்படித்தான் சொல்லுவோம். டாக்டருங்கள தொந்தரவு பண்ணக்கூடாதேன்னுதான்..."

எந்த வீட்டில்தான் சொல்லவில்லை? நானும் என் பிள்ளைக்கு அதைச் சொல்லித்தான் சோறூட்டினேன். அலமாரியில் அடுக்கியிருந்த படிவங்கள் நினைவுக்கு வந்தன. அவற்றில் எத்தனை குழந்தைகள் பயத்தில் சிரிக்கும் முகத்தைத் தொட்டார்களோ, இனி யாரைப் போய்க் கேட்பது?

டாக்டரிடம் ஓடினேன். நான் எழுதிய தாளையே என்னிடம் காட்டினார். "எல்லாம் ஜீரோன்னு நீங்கதானே போட்டிருக்கீங்க?"

"தப்பு சார், எல்லாமே தப்பு. அவளுக்கு வலிக்குது. இப்பவே ஏதாவது குடுங்க" என்று கெஞ்சினேன். எழுந்து வந்து பார்த்தார். வயிற்றில் கைவைக்கும் முன்பே அவள் உடம்பு விறைத்தது. உடனே வலிக்கு மருந்து எழுதினார்.

நர்ஸ் அதை சிரிஞ்சில் எடுத்துக்கொண்டு வந்தார். கையில் ஏற்கெனவே மாட்டியிருந்த குழாய் வழியாகத்தான் மருந்து போகும், குத்தமாட்டார்கள். அதைச் சொல்ல நான் வாயெடுப்பதற்குள் அவள் சிரிஞ்சைப் பார்த்துவிட்டாள். அவ்வளவு நேரம் அடக்கிவைத்திருந்த குரல் உடைந்து, அம்மாவிடம் கேட்டாள்:

"நான் அழவே இல்லியேம்மா... அப்புறம் ஏம்மா?"