பானைக்குக் காவல்

தம்பி தண்ணீர் கேட்டுக்கொண்டே இருப்பான். மூன்று வயது அவனுக்கு. குடித்த சொம்பைக் கீழே வைக்கும்முன் மறுபடி கேட்பான். மூத்திரத்தில் பாயெல்லாம் நனைந்து கிடக்கும். ஆவடியில் பட்டாளத்து லாரிகள் வந்து இறங்கத் தொடங்கிய வருஷம் அது. எங்கள் ஊர் மேனாம்பேட்டில் எல்லாரும் லாரி பார்க்க ஓடினார்கள். நாங்கள் பாய் உலர்த்திக்கொண்டிருந்தோம்.

அவன் தலையில் பொருக்குப் பொருக்காக வந்தது. அம்மா அம்மை என்று நினைத்து வேப்பிலை அரைத்துப் பூசினாள். காதில் சீழ் வந்தது, எண்ணெய் விட்டாள். கண் மஞ்சளாகி வயிறு உப்பிய பிறகுதான் நைனா பூந்தமல்லியிலிருந்து வைத்தியரை அழைத்துவந்தார். அவர் வலது விலாவுக்குக் கீழே அழுத்திப் பார்த்தார். கல் மாதிரி இருந்தது.

"ஈரல்ல தண்ணி கோத்துக்கினு கீதும்மா. இவன் குடிக்கிறதெல்லாம் அங்கதான் போயி நிக்கிது. கொயந்தைக்குப் பால் பொகட்டுற பாலாடையால காலைல ஒண்ணு, சாயந்திரம் ஒண்ணு. அதுக்கு மேல ஊத்துனே, அப்பறம் என்னாண்ட வராத."

அம்மா வயலுக்குப் போகவேண்டும். அதனால் பானைக்கு நான் காவல். எனக்கு எட்டு வயது. அதுவரை யாரும் என்னை நம்பி எதையும் விட்டதில்லை. பானைக்கு முன்னால் மணையைப் போட்டு உட்கார்ந்துகொண்டேன்.

நைனா வந்ததும் கேட்பார்: "இன்னா ஏட்டய்யா, கைதி எப்டி கீறான்?"

"அழுதுகினே கீறான் நைனா. நான் உடலை."

"கெட்டிக்காரிதான் போ."

இரண்டாம் நாள் தம்பி தவழ்ந்து வந்து பானையின் வெளிப்பக்கக் கசிவை நக்கினான். நான் சிரித்துவிட்டேன். அப்புறம் அம்மாவிடம் சொன்னேன், பானை உறிக்குப் போயிற்று. மூன்றாம் நாள் கொடியில் காயப்போட்ட ஈரப்புடவையின் நுனியைச் சப்பிக்கொண்டிருந்தான். அதையும் சொன்னேன். அம்மா எனக்கு வெல்லம் கொடுத்தாள்.

நாலாம் நாள் அவன் கேட்கவில்லை. "மருந்து புடிச்சிக்கிச்சி" என்றாள் அம்மா. மதியம் கூப்பிட்டால் கண் திறக்கவில்லை. நைனா அவனைத் தோளில் போட்டுக்கொண்டு ரயிலடிக்கு ஓடினார். நாங்கள் பின்னாலேயே ஓடினோம்.

பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர் வயிற்றைத் தொட்டார். பொருக்கைப் பார்த்தார், காதைப் பார்த்தார். "ரொம்ப தாகமா இருந்ததா?" என்று கேட்டார்.

"ஆமாங்க சாமி. ஆனா நாங்க குடுக்கல. ஒரு பாலாடைக்கு மேல ஒரு முழுங்கு குடுக்கல" என்றாள் அம்மா.

டாக்டர் தம்பியின் உலர்ந்த நாக்கைத் தொட்டுப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "தண்ணியால ஈரல் வீங்கலம்மா. தலைல, காதுல, ஈரல்ல, எல்லாம் ஒரே நோய். எங்கயோ ஒருத்தருக்கு வரும். அந்த தாகமும் அதால வந்ததுதான். இவனுக்குத் தண்ணி உடம்புல தங்காது, வெளிய போயிடும். குடிச்சுக் குடிச்சுத்தான் இவ்ளோ நாள் இருந்திருக்கான். ஈரலுக்கு எங்ககிட்ட மருந்து இல்ல. ஆனா தண்ணி..." என்று நிறுத்திக்கொண்டார்.

நர்ஸம்மா கரண்டியில் தண்ணீர் கொண்டுவந்து வாயில் விட்டாள். கடைவாயில் வழிந்து கழுத்துக்குப் போயிற்று. பொழுது சாய்வதற்குள் தம்பி போய்விட்டான்.

பத்து வருஷம் ஆகிறது. அம்மா என்னை ஒரு வார்த்தை சொன்னதில்லை. சொல்லியிருக்கலாம். எனக்குத் தண்ணீர் தொண்டையில் இறங்கும் சத்தம் கேட்கிறது, ஒவ்வொரு தடவை குடிக்கும்போதும்.

ஆனால் அன்றைக்கு எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. டாக்டர் பேச்சை நிறுத்தியதும் நான்தான் முன்னால் போய் நின்றேன். அம்மா முழுசாகச் சொல்லவில்லையே என்று இருந்தது.

"நான்தாங்க காவல். பானைகிட்டயே குந்திக்கினு இருந்தேன். ஒரு சொட்டு உடலை."

அவர் என்னைப் பார்த்தார். என் தலையில் கையை வைத்தார், எடுக்கவில்லை. நான் அம்மா பக்கம் திரும்பினேன், அவளும் அதைப் பார்க்கிறாளா என்று.