அத்தான் போடாத மாப்பொட்டலம்

எங்கள் வீட்டுச் சாமித்தட்டில், விபூதிக் கிண்ணத்துக்குப் பக்கத்தில், ஒரு கடதாசிப் பை இருக்கிறது. இங்கே பாண் கடையில் குறுவாசோன் பணிஸ் போட்டுத் தருவார்களே, அந்த மாதிரிச் சின்னப் பை. உள்ளே இருப்பது கோதுமை மா. வாயை மடித்து நூலால் இறுக்கிக் கட்டியிருக்கிறது. பையின் ஒரு பக்கத்தில் பெருவிரல் அழுந்திய பள்ளம் ஒன்று இன்னும் அப்படியே கிடக்கிறது. வீட்டுக்கு வருகிற சிலர் அதை ஏதோ கோயில் பிரசாதம் என்று நினைத்துத் தொட்டுக் கண்ணில் ஒற்றுவதும் உண்டு. நான் மறித்துச் சொல்வதில்லை.

அந்தப் பள்ளம் என் அத்தானுடைய விரல். அத்தான் என்றால் என் அக்காவின் புருசன். அக்காவும் அவர்களின் ஒரே மகளும் இரண்டாயிரத்து ஒன்பதில் வன்னியில், ஒரு தறப்பாள் கொட்டிலுக்குள் விமானக் குண்டு விழுந்து செத்துப்போனார்கள். அத்தான் தண்ணீர் அள்ளப் போயிருந்தபடியால் மிஞ்சினார். அக்கா அந்தக் கொட்டிலுக்கு மேலே ஒரு வெள்ளைத் துணி விரித்துக் கட்டியிருந்தாவாம். மேலேயிருந்து பார்க்கிறவனுக்கு இங்கே இருப்பது சனம் என்று தெரியவேணும் என்பதற்காக.

பிறகு அத்தான் பிரான்சுக்கு வந்து, பாரிசுக்குப் பக்கத்தில் திரான்சியில் எங்களோடுதான் இருந்தார். துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லாருக்கும் அந்த வெள்ளைத் துணியைப் பற்றிச் சொல்லுவார். சொல்லி முடித்துவிட்டு ஒவ்வொரு முறையும் அதே கதைதான்: "அது மேலை தெரிஞ்சிருக்காது. சேறும் புழுதியும் பட்டுப்போச்சு. தெரிஞ்சிருந்தால் அவன் போட்டிருக்கமாட்டான்."

நான் அதிகம் படித்தவன் இல்லை. ஆனாலும் இது எனக்கு விளங்கியது. அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் மனிசன் சாப்பிட்டார், வேலைக்குப் போனார், வெள்ளிக்கிழமைகளில் கோயிலுக்கு வந்தார். நானும் அதையேதான் பிடித்துக்கொண்டிருந்தேன். என் அக்காவை ஒருவன் கண்ணால் கண்டபிறகும் கொன்றான் என்று நினைத்துக்கொண்டு விளக்குக் கொளுத்த ஏலுமா?

பாரிசில் தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில் ஒரு ரெஸ்ரோறண்டில் நான் சமையல். அத்தானுக்கும் அங்கேயே கோப்பை கழுவுகிற வேலை எடுத்துக் கொடுத்தேன். எங்களிடம் கொத்துரொட்டி சாப்பிட வருகிற ஒரு பிரெஞ்சுக்காரர் இருந்தார். பென்சன்காரர். மிசியே என்றுதான் கூப்பிடுவோம். வழுக்கைத் தலை வேர்க்க வேர்க்கச் சாப்பிட்டுவிட்டு, குசினி வாசலில் வந்து நின்று எங்களோடு பகிடி விடுவார். அவரிடம் சொந்தமாக ஒரு சின்ன விமானம் இருந்தது. பாரிசுக்கு வெளியே, கோதுமை வயல்களுக்கு நடுவில், அவரைப் போன்றவர்கள் சேர்ந்து நடத்துகிற கிளப் ஒன்று. அவர்களின் ஆண்டு விழாவுக்கு வடையும் ரோல்சும் கேட்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை வான் வண்டியில் சாமான்களை ஏற்றிக்கொண்டு நானும் அத்தானும் போனோம்.

நல்ல வெயில். புல்வெளியில் மேசை போட்டு, வெள்ளை ஏப்ரனைக் கட்டிக்கொண்டு நான் வடை பொரிக்கத் தொடங்கினேன். அங்கே நடந்த விளையாட்டுகளை நான் முன்பு கேள்விப்பட்டதுகூட இல்லை. ஒருவர் உயரத்திலிருந்து கக்கூஸ் கடதாசிச் சுருளைத் தூக்கிப் போட்டார். அது நீளமாக அவிழ்ந்து நெளிந்து நெளிந்து இறங்க, அதே விமானம் திரும்பி வந்து செட்டையால் அதை வெட்டப் பார்த்தது. வெட்டுப்பட்டதும் சனம் கைதட்டியது. அடுத்தது மா எறிகிற போட்டி. புல்லில் சுண்ணாம்பால் பெரிய வட்டம் கீறியிருந்தார்கள். ஒவ்வொரு விமானமாகத் தாழப் பதிந்து வரும், பக்கத்தில் இருக்கிறவர் யன்னலால் மாப்பையைப் போடுவார். பை வெடித்து வெள்ளையாகப் புகை எழும்பும். வட்டத்துக்குக் கிட்ட விழுத்தியவருக்கு வைன் போத்தல். எட்ட விழுத்தியவரை, "பசுமாட்டுக்குப் போட்டாயா?" என்று நக்கலடித்தார்கள்.

நான் அத்தானைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். முதல் பை விழுந்தபோது அவர் கையில் இருந்த தட்டை மேசையில் மெதுவாக வைத்தார். அவ்வளவுதான். பயந்தவர் மாதிரித் தெரியவில்லை. வாய்க்குள் ஏதோ கணக்குப் பார்க்கிறவர் மாதிரி அண்ணாந்து நின்றார்.

மிசியேயோடு போகவேண்டிய ஆள் அன்று வரவில்லை. சிரித்துக்கொண்டு வந்து அத்தானைக் கூப்பிட்டார். அவருக்கு எங்கள் கதை ஒன்றும் தெரியாது. அத்தான் வரமாட்டார் என்று நானே சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அத்தான், "மேலையிருந்து ஆக்களைத் தெரியுமோ எண்டு கேள், தம்பி" என்றார். கேட்டேன். உன் சப்பாத்தின் நிறம்கூடத் தெரியும் என்று மிசியே பெருமையாகச் சொன்னார்.

"வேண்டாம் அத்தான், விடுங்கோ."

"ஒருக்காப் பாத்திட்டு வாறன்" என்று கையைத் துடைத்துக்கொண்டு போய் ஏறிவிட்டார்.

விமானம் சுற்றிக்கொண்டு வட்டத்துக்கு மேலே பதிந்து வந்தது. அவர் பயப்படாமல் இருக்கட்டும் என்று, சிரித்துக்கொண்டு இரண்டு கையையும் ஆட்டினேன். யன்னலில் அவருடைய கை தெரிந்தது. கையில் பை. விமானம் கடந்து போனது, ஒன்றும் விழவில்லை. மறுபடி வந்தது. அப்போதும் விழவில்லை. வீட்டில் ரொட்டி சுட வைத்திருக்கிறார் போல என்று யாரோ சொல்ல எல்லாரும் சிரித்தார்கள். இறங்கி வந்தபோது பை அவர் கையிலேயே இருந்தது, விரல் பதியப் பிடித்தபடி. கையைத் திறந்தால்தானே விழும் என்று மிசியே அவர் தோளைத் தட்டினார். அத்தான் தலையாட்டிவிட்டு வந்து மேசையைத் துடைக்கத் தொடங்கினார்.

திரும்பி வரும்போது வான் வண்டியை நான்தான் ஓட்டினேன். பாரிசுக்குள், ஸ்டாலின்கிராட் சந்திச் சிக்னலில் நிற்கும்போதுதான் அத்தான் வாய் திறந்தார்.

"உன்ரை ஏப்ரன் வடிவாத் தெரிஞ்சது, தம்பி. நீ கையாட்டினதும் தெரிஞ்சது."

சண்டை விமானம் வேறு, அது எவ்வளவு உயரத்தில் எவ்வளவு வேகமாகப் போகிறது, இதோடு ஒப்பிட ஏலாது என்று எனக்குத் தெரிந்ததை எல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

"வண்டு அண்டைக்குக் காலமையிலை இருந்து எங்கடை தலைக்கு மேலைதானே நிண்டது" என்றார்.

வண்டு என்று அங்கே சனம் சொல்வது ஆளில்லாத வேவு விமானத்தை. கீழே இருப்பது யார் என்று படம் பிடித்துக் காட்டுவதுதான் அதன் வேலை. பச்சை விளக்கு விழ வண்டியை எடுத்தேன். வீட்டுக்கு வந்து கால் கழுவி, அந்தப் பையை அவரே சாமித்தட்டில் வைத்தார்.

அதற்குப் பிறகு, தெரிஞ்சிருக்காது என்ற சொல்லை அவர் வாயில் நான் கேட்கவில்லை. வெள்ளைத் துணிக் கதையும் நின்றுபோனது. யாரும் கேட்டால், "ஓம், செத்திட்டினம்" என்பார். கோயிலுக்கு வந்தார், தேருக்கு வந்தார், ஆனால் கும்பிடும்போது மேலே பார்க்கமாட்டார். கொஞ்சக் காலத்தில் செவ்ரானில் தனியாக ஒரு அறை எடுத்துப் போனார். அங்கேதான் மாரடைப்பு வந்து போய்ச் சேர்ந்தார்.

கடவுள் மேலேயிருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று என் பிள்ளைகளுக்கு நான் சொல்லி வளர்த்திருக்கிறேன். இப்போது அதைச் சொல்ல வாய் வருகுதில்லை. நம்பிக்கை விட்டுப்போகவில்லை, தினமும் கும்பிடுகிறேன். குசினியிலிருந்து காற்று வாங்க வெளியே போகும்போது அந்த வெள்ளை ஏப்ரனைக் கழற்றி ஆணியில் கொழுவிவிட்டுத்தான் போகிறேன். ஏன் என்று முதலாளி ஒருநாள் கேட்டார். வெக்கை என்றேன்.

"மா பூச்சி பிடிக்கும், எறியுங்கோவன்" என்று என் மனிசி முதலில் சொல்லிப் பார்த்தாள். இப்போது வியாழக்கிழமைகளில் விளக்கைத் துலக்கும்போது பையைத் தூக்கித் துடைத்துவிட்டு, இருந்த இடத்திலேயே வைக்கிறாள். வெள்ளிக்கிழமை கை கூப்பினால், கண்ணை மூட முதல் அந்தப் பெருவிரல் பள்ளம்தான் தெரிகிறது. கண்ணை மூடினால் நான் மேலே இருக்கிறேன். கீழே புல்வெளியில், வெள்ளை ஏப்ரனோடு ஒருவன் அண்ணாந்து நிற்கிறான். சிரித்துக்கொண்டு இரண்டு கையையும் ஆட்டுகிறான்.