நாலாம் நம்பர் பெட்டியின் இரைச்சல்

1991-ல் கம்பி போன் ரிப்பேரில் தொழிலை ஆரம்பித்தவள் நான். பல வருஷம் கழித்து, ஒரகடம் பக்கம் ஒரு மொபைல் கம்பெனியில் ஆடியோ டெஸ்ட் டெக்னீஷியனாகச் சேர்ந்தேன். நான் செய்த பெரிய தவறு அங்கேதான் நடந்தது.

ஒரு திங்கட்கிழமை காலை, வரிசையாக போன்கள் ஃபெயில் ஆயின. பேசினால் பின்னணியில் ‘கொர்ர்’ என்று இரைச்சல். எல்லாவற்றிலும் மைக் பொருத்தியவள் பிள்ளைப்பாக்கத்துக் காமாட்சி. மைக்கைச் சுற்றியுள்ள ரப்பர் சரியாக உட்காராவிட்டால் இப்படி வரும். ஒரு போனைக்கூடப் பிரிக்காமல் ‘ஆபரேட்டர் தவறு’ என்று ரிப்போர்ட் எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

காமாட்சியை பேக்கிங்குக்கு மாற்றினார்கள். அந்த வாரம்தான் அவளுக்கு வேலை நிரந்தரமாக வேண்டியது. புதன்கிழமை சூப்பர்வைசர், “நாளைக்கு அந்தப் பொண்ணை வேலையை விட்டு அனுப்பிடுவாங்க” என்றார்.

ஆனால் இரைச்சல் நிற்கவில்லை. அவள் இடத்தில் உட்கார்ந்த பெண் பொருத்திய போன்களும் ஃபெயில். ஒரு போனைப் பிரித்தேன். ரப்பர் கச்சிதமாக இருந்தது. இன்னொன்றை கேன்டீனுக்கு எடுத்துப்போய் ஆபீசுக்குப் பேசினேன். குரல் சுத்தமாகக் கேட்கிறது என்றார்கள்.

அப்படியானால் குறை போனில் இல்லை. நல்லது என்று உறுதியான ஒரு சாம்பிள் போனை, அந்த லைனுக்கான நாலாம் நம்பர் டெஸ்ட் பெட்டிக்குள் வைத்தேன். அதுவும் ஃபெயில்.

வெளிச்சத்தம் புகாமல் மூட வேண்டிய பெட்டி அது. கதவோரம் விரலை ஓட்டினேன். ஒரு மூலையில், சத்தத்தைத் தடுக்கும் ஃபோம் பட்டை பிய்ந்திருந்தது. நடைபாதையை அகலமாக்க சனிக்கிழமை பெட்டியைச் சுவரோரம் தள்ளியிருந்தார்கள். சுவருக்கு அந்தப் பக்கம் காற்றை அழுத்தித் தரும் கம்ப்ரஸர் இயந்திரம். அதன் சத்தத்தைத்தான் போனின் குறையாக எண்ணியிருந்தோம்.

புது ஃபோம் ஒட்டினோம். கம்ப்ரஸர் ஓடும்போதே, ஃபெயிலான போன்கள் ஒவ்வொன்றாக பாஸ் ஆயின. அப்போதுதான் எனக்கு மூச்சே வந்தது.

முதல் ரிப்போர்ட் தவறு, தவறு என்னுடையது என்று இன்னொன்று எழுதினேன். உன் பேர் கெட்டுவிடுமே என்றார் சூப்பர்வைசர். இருக்கட்டும் என்றேன். அன்றிலிருந்து நல்ல போனை வைத்துப் பெட்டியைச் சோதிக்காமல் யார் பெயரையும் நான் எழுதியதில்லை.

காமாட்சியை அனுப்பும் முடிவைக் கைவிட்டார்கள். அதை அவளிடம் நானே போய்ச் சொன்னேன். முதல் ரிப்போர்ட்டை எழுதியது நான்தான் என்பதையும் மறைக்கவில்லை. கையிலிருந்த அட்டைப்பெட்டியைக் கீழே வைத்தாள்.

“மூணு நாளா வூட்ல ஒண்ணும் சொல்லலக்கா. இன்னிக்கு சொல்லிடலாம்னு இருந்தேன். இனிமே சொல்ல வேணாம்ல?”

“வேணாம்மா,” என்றேன்.