க்ளெயிம் இல்லாத மூன்று வருடங்கள்

1-1-2021: ரூ. 18,400
8-9-2021: ரூ. 1,150
1-1-2022: ரூ. 17,480
22-7-2022: ரூ. 3,400
1-1-2023: ரூ. 16,560
19-10-2023: ரூ. 9,200
2-11-2023: ரூ. 29,400
1-1-2024: ரூ. 15,640

ஜனவரி முதல் தேதித் தொகைகள், சிவகாசியில் நான் கணக்கு எழுதும் காலண்டர் பிரஸ் தன் தொழிலாளர்களுக்கான விபத்துக் காப்பீட்டுக்குக் கட்டிய பிரீமியம். மற்றவை ஆஸ்பத்திரிக்கு முதலாளி கையிலிருந்து கொடுத்தவை. ஒரு வருடம் இழப்பீடு கேட்காமல் இருந்தால் காப்பீட்டுக் கம்பெனி அடுத்த வருடப் பிரீமியத்தைக் குறைக்கும், கேட்டால் ஏற்றும். அதனால் எங்களைப் போன்ற சின்னக் கம்பெனிகள் சிலவற்றில் ஒரு பழக்கம் உண்டு. அடிபட்டவரை முதலாளியே காரில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவார். செலவும் அவருடையதுதான். ஆனால் ஆஸ்பத்திரிச் சீட்டில் அடிபட்ட இடம் வீடு என்று இருக்க வேண்டும்.

சண்முகத்தாய்க்கு 2023-ல் வயது முப்பத்தெட்டு. ஊர் ஆமத்தூர். கணவர் பெத்தணன் விருதுநகரில் வத்தல் கிட்டங்கியில் மூட்டை தூக்குகிறார். மகள் ஹர்ஷினி நர்சிங் இரண்டாம் ஆண்டு. பதினோரு வருடம் பட்டாசுக் கம்பெனி வேனில் போய்வந்தவர், பக்கத்து ஷெட் வெடித்த மறுவாரம் அந்த வேலையை விட்டார். எங்களிடம் வந்த முதல் நாள் வாசலிலேயே நின்றுகொண்டு, “ஐயா, யாரும் சோதிக்க மாட்டாகளா?” என்று கேட்டார். பட்டாசுக் கம்பெனி வாசல் சோதனை இங்கே இல்லை என்றேன். “அப்ப தீப்பெட்டியே கொண்டாரலாம்னு சொல்லுங்க” என்று சிரித்தார்.

அவருக்கு டின் மிஷினில் வேலை. காலண்டரின் தலையில் தகரப் பட்டையைக் கவ்வ வைக்கும் மிஷின் அது. காலால் மிதித்தால் மேல்தாடை இறங்கும். விரல் உள்ளே போகாமல் முன்னால் ஒரு மறைப்புத் தகடு இருக்கும். சீசனில் அது வேகத்தைக் குறைக்கிறது என்று கழற்றி வைத்துவிடுவார்கள். 2023 அக்டோபர் 19 அன்றும் கழற்றித்தான் இருந்தது. சண்முகத்தாயின் வலது கட்டைவிரல் நசுங்கியது.

முதலாளி பாண்டிச்செல்வம் கார் ஓட்டினார். நான் முன்சீட்டில். பின்னால் சண்முகத்தாய், துண்டு சுற்றிய கையை மடியில் வைத்திருந்தார்.

“தாயி, கேக்குதா? வீட்டு இரும்புக் கதவுல நசுங்கிருச்சுன்னு சொல்லு. செலவு அம்புட்டும் எம்பொறுப்பு.”

“மிஷின்னு சொன்னா என்ன ஆகும் அண்ணாச்சி?”

“பிரீமியம் ரெட்டிப்பாகும்னு ஏஜென்ட் சொல்றான். பெறகு சீசன் முடிஞ்சதும் ரெண்டு ஆள நிப்பாட்டணும். அதுல நீ இருந்தாலும் இருப்ப.”

டாக்டர் கேட்டார். கதவு என்றார் சண்முகத்தாய்.

புண் ஆறவில்லை. நவம்பர் 2 அன்று கட்டைவிரலை எடுத்துவிட்டார்கள். டிசம்பர் வரை வீட்டில் இருந்தவருக்குப் பாதிச் சம்பளம் கொடுத்தோம். டிசம்பர் 28 அன்று ஏஜென்ட் தருண்குமார் புதுப்பிக்கும் படிவத்தோடு வந்தார். இந்த ஆண்டில் விபத்து உண்டா என்ற கேள்விக்கு எதிரே ‘இல்லை’ என்று எழுதினேன். எழுதியது நான்தான்.

ஜனவரி 8 அன்று, வேலைக்குத் திரும்பியிருந்த சண்முகத்தாய் முன் பாண்டிச்செல்வம் ஐம்பதாயிரம் ரூபாயையும் ஒரு தாளையும் மேஜையில் வைத்தார். இனி எந்தத் தொகையும் கேட்கமாட்டேன் என்று தாளில் இருந்தது.

“ஒப்பம் போடு தாயி.”

“பேனா பிடிக்க வரல. கைநாட்டு வைக்கலாம்னா அதுக்குத்தான் வெரல் இல்லையே அண்ணாச்சி” என்றார் சண்முகத்தாய். பணத்தைத் தொடவில்லை.

மறுநாள் என் மேஜைக்கு வந்தார். “ஐயா, அன்னைக்கு எனக்கு மிஷின்லதான் அடிபட்டுச்சுன்னு உங்க நோட்டு எதுலயாவது இருக்கா?”

விபத்துப் பதிவேடு வெள்ளையாகத்தான் இருந்தது. வருகைப் பதிவேட்டில் அவர் வந்தது இருந்தது, அடிபட்டது இல்லை. கடைசியில் வேஸ்ட் நோட்டை எடுத்தேன். ஆர்டர் கொடுத்தவரின் காலண்டரில் எத்தனை கெட்டது, ஏன் கெட்டது என்று அவருக்குக் கணக்குச் சொல்ல வேண்டும், அதற்கான நோட்டு. என் கையெழுத்திலேயே இருந்தது: 19-10-2023, காலை 11.40, டின் மிஷின், சண்முகத்தாய் கை, ரத்தம் பட்டது, 23. முன்னால் புரட்டினேன். 22-7-2022, ரத்தம் பட்டது, 11. 8-9-2021, ரத்தம் பட்டது, 6.

பாண்டிச்செல்வம் எங்கள் பின்னால் வந்து நின்றிருந்தார். “அந்த நோட்ட இங்க குடுங்கய்யா.”

நான் கொடுக்கவில்லை. மேஜையில் வைத்து அதன்மேல் கையை ஊன்றிக்கொண்டேன்.

“ஏத்தா சண்முகத்தாயி, கதவுன்னு டாக்டர்கிட்ட சொன்னது யாரு? நானா?”

“நாந்தான். மிஷின்னு சொல்லப்போறதும் நாந்தான்.”

ஜனவரி 11 அன்று அவர் விருதுநகரில் தொழிலாளர் அலுவலகத்தில் மனுக் கொடுத்தார். அன்றே நானும், படிவத்தில் எழுதிய ‘இல்லை’ தவறு என்று காப்பீட்டுக் கம்பெனிக்கு நோட்டின் நகலோடு பதிவுத் தபால் அனுப்பினேன். முதலாளி என்னோடு பேசுவதை நிறுத்தினார். பிரஸ் வேனில் சண்முகத்தாயின் பக்கத்துச் சீட்டில் யாரும் உட்காரவில்லை. பேப்பர் அடுக்கும் அழகுமீனா முகத்துக்கு நேரே கேட்டாள்: “ஒன் ஒத்த வெரலுக்காக எங்க எட்டு பேரு சோத்துலயும் மண்ணள்ளிப் போடப் போறியாக்கும்?” சண்முகத்தாய் இடது கையால் தகரப் பட்டைகளை எண்ணிக் கட்டுக் கட்டிக்கொண்டிருந்தார்.

பிப்ரவரி 20 அன்று காப்பீட்டுக் கம்பெனியிலிருந்து கிருபா என்ற அதிகாரி விசாரிக்க வந்தார்.

“ஆஸ்பத்திரியில கதவுன்னு ஏம்மா சொன்னீங்க?”

“உங்களுக்குக் கட்டுற பிரீமியம் ஏறிரும்னு சொன்னாக.”

கிருபா எழுதுவதை நிறுத்தி அவரைப் பார்த்தார். பிறகு மறைக்காமல் சொன்னார்: “சீட்டுல கதவுன்னு இருக்கு. தகவலும் மூணு மாசம் கழிச்சு வந்திருக்கு. மேல உள்ளவங்க மறுத்தாலும் மறுப்பாங்கம்மா.”

மறுத்தால் இழப்பீடு முழுவதும் பாண்டிச்செல்வத்தின் தலையில் விழும். அவரிடம் அவ்வளவு இல்லை. பிரஸ்ஸை மூட வேண்டிவரும். அப்புறம் சண்முகத்தாய் யாரிடம் போய்க் கேட்பார்? மார்ச் போனது. ஏப்ரலும் போனது. ஹர்ஷினியின் கல்லூரியிலிருந்து கட்டணத்துக்கு இரண்டு முறை ஆள் அனுப்பினார்கள்.

மே 6 அன்று பிரஸ் பெயருக்கு ஒரு கடிதம் வந்தது. மூன்று விபத்துகளும் கணக்கில் எடுக்கப்பட்டன. பிரீமியத்தில் கொடுத்த கழிவுகள் ரத்து. இந்த வருடப் பிரீமியம் ரூ. 23,000 ஆகத் திருத்தப்படுகிறது. எல்லாம் சேர்த்துக் கட்ட வேண்டிய பாக்கி ரூ. 10,120.

பாண்டிச்செல்வம் இரண்டு முறை படித்தார். நான்கு மாதத்துக்குப் பிறகு என்னிடம் பேசினார். “இம்புட்டுதானாய்யா?”

“இம்புட்டுதான்.”

“ரெட்டிப்பாகும்னானே அந்தத் தருண்குமாரு!”

கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டே டின் மிஷின் வரை நடந்துபோய் அங்கேயே கொஞ்ச நேரம் நின்றார். சாயங்காலம் மறைப்புத் தகட்டை அவரே தேடி எடுத்துவந்து மாட்டினார். சண்முகத்தாய் என்னிடம் வந்து, “எஞ்சமாச்சாரம் அதுல இருக்கா ஐயா?” என்று கேட்டார். இருந்தது ஒரே வரி: இழப்பீடு குறித்துத் தனியே முடிவு தெரிவிக்கப்படும்.

பிறகு ஐந்து வாரம், பெத்தணன் கிட்டங்கிக்குப் போகுமுன் தினமும் தபால் நிலையத்தில் கேட்டுவிட்டுப் போனார்.

கடைசிக் கடிதம் தொழிலாளர் அலுவலகத்திலிருந்து. வயது, சம்பளம், போன விரல் மூன்றையும் வைத்துக் கணக்கிட்ட ரூ. 4,09,450-ஐக் காப்பீட்டுக் கம்பெனி சண்முகத்தாய் பெயரில் செலுத்திவிட்டது. அந்தக் கடிதம் ஆமத்தூர் வந்து சேர்ந்த தேதி 11-6-2024.