தாளிக்காத வீடு

நர்ஸம்மா எங்கள் சாப்பாட்டு டப்பாக்களை முகர்ந்து பார்ப்பாள். தாராவியில் நாங்கள் படித்த தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்கு வாரத்தில் இரண்டு நாள் செம்பூரிலிருந்து பஸ் பிடித்து வருவாள். சாப்பாட்டு மணி அடித்ததும் வராந்தாவில் வரிசையாக உட்கார்ந்திருக்கும் எங்களுக்கு நடுவே வெள்ளைச் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடப்பாள். மூடியைத் திறக்கச் சொல்லிக் குனிந்து மூக்கைக் கிட்டே கொண்டுபோவாள். ஊசிப்போன சோறா என்று பார்க்கிறாள் போலிருக்கிறது என்றுதான் நினைத்திருந்தோம். வீட்டில் சோறு கிடைக்காமல் வாசம் பிடித்தே வயிற்றை நிரப்புகிறாள் என்று அவள் முதுகுக்குப் பின்னால் சிரித்தோம். மரியாதையாக ‘வருவார், நடப்பார்’ என்று எழுதலாம்தான். இத்தனை வயதுக்குப் பிறகும் எழுதக் கை வரவில்லை.

மாதம் ஒரு முறை எங்கள் கையில் ஒரு தாள் கொடுத்து அனுப்புவாள். மேலே ‘பெற்றோர் கவனத்துக்கு’ என்று ஊதா மையில் பெரிதாக இருக்கும். எங்கள் வீட்டில் எழுத்துக் கூட்டத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். அப்பா தோல் கிடங்கிலிருந்து வந்து கைகால் கழுவி உட்கார்ந்ததும் நான் நின்றுகொண்டு உரக்கப் படிப்பேன். அம்மா வரிக்கு வரி பதில் சொல்வாள். குடிநீரைக் காய்ச்சிக் குடியுங்கள் என்று படித்தால், “காய்ச்சுததுக்கு மண்ணெண்ணெய அவ மாமியா குடுத்து விடுவாளாக்கும்” என்பாள். ஸ்டவ்வைக் குழந்தைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள் என்றால், பத்தடிக்குப் பத்தடி அறையை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, “அப்பொ கூரையில கட்டித் தொங்கவிட்டுருவோம்” என்பாள். அப்பா சிரிப்பார். என் இடுப்பைக் கட்டிக்கொண்டு நிற்கும் தம்பியும், அவனுக்கு மூன்று வயது, எதற்கென்று தெரியாமல் சிரிப்பான்.

கடைசி இரண்டு வரிகளுக்கு மட்டும் அம்மா பதில் சொல்லமாட்டாள். அம்மைப்பால் வைத்த இடத்தைத் துடைக்காதீர்கள் என்பது ஒன்று. வீட்டில் யாருக்காவது அம்மை கண்டால் உடனே பள்ளியில் தெரிவியுங்கள் என்பது இன்னொன்று. பெரியம்மை வராமலிருக்கக் கையில் மருந்தைக் கீறி வைப்பதைத்தான் அம்மைப்பால் வைப்பது என்று சொல்வோம். எனக்குப் பள்ளிக்கூடத்தில் நர்ஸம்மாவே வைத்தாள். மருந்து காயும்வரை என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு வெயிலில் நின்றாள். தம்பிக்கு முனிசிபாலிட்டி ஆள் வீடு வீடாக வந்தபோது வைத்தான். அவன் அடுத்த வீட்டுக்குள் நுழைந்ததும் அம்மா தம்பியைக் கதவுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போய், முந்தானையைத் தண்ணீரில் நனைத்து, அழுத்தி அழுத்தித் துடைத்தாள். மேலே சுண்ணாம்பும் தடவினாள். “பச்ச ஒடம்புல அம்மனயே ஊசியால குத்துதானுவ. காய்ச்சல் வந்தா யாரு பாக்குதது?” என்றாள். அதற்கு முந்தின வாரம்தான் துடைக்காதீர்கள் என்ற வரியை நான் படித்துக் காட்டியிருந்தேன்.

அடுத்த பங்குனியில் தம்பிக்கு அம்மை போட்டது. முதல் நாளே அம்மா அவனைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “சின்னம்மைதான். ஒரு வாரத்துல எறங்கிரும்” என்று அப்பாவிடம் சொன்னாள். ஆனாலும் பயம். எந்த அம்மையானாலும் சரி, தகவல் தெரிந்தால் முனிசிபாலிட்டி வண்டி வந்து தூக்கிக்கொண்டு போய்விடும் என்று எங்கள் வீட்டு வரிசையில் எல்லோருக்கும் தெரியும். அதனால் ஊரில் தலைவாசலில் செருகுகிற வேப்பிலையை அம்மா அறைக்குள்ளே, தம்பி படுத்திருந்த பாய்க்கு மேலே கட்டினாள். மற்ற முறைகளையெல்லாம் விடாமல் செய்தாள். அம்மை இறங்கித் தலைக்குத் தண்ணீர் ஊற்றும்வரை யாரும் தலை வாரக் கூடாது, எண்ணெய் தொடக் கூடாது, அடுப்பில் தாளிக்கக் கூடாது. தாளிக்கிற புகை ஆத்தாளுக்கு ஆகாது. நான் பள்ளிக்கூடம் போகாவிட்டால் சந்தேகம் வரும் என்று என்னை மட்டும் தினமும் அனுப்பினாள். “அம்மை போட்டிருக்குன்னு யார்ட்டயும் சொல்லப்பிடாது. ஆத்தா மேல சத்தியம் பண்ணு” என்றாள். சத்தியம் பண்ணினேன்.

நர்ஸம்மாவும் எங்களைப் போலத் தெற்கத்திக்காரிதான், தூத்துக்குடிப் பக்கம். அதை நாங்கள் மறந்துபோனோம். அவள் தாள் எழுதி எழுதிப் பார்த்தாள். ஒரு வீட்டிலிருந்தும் தகவல் வரவில்லை. பெற்றவர்கள் சொல்லாததை டப்பா சொல்லும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. அன்று என் டப்பாவுக்கு மேலே குனிந்தவள் நிமிரவில்லை. பக்கத்தில் உட்கார்ந்தே விட்டாள். வெள்ளைச் சேலை தரையில் படுகிறதே என்று எனக்குத்தான் பதற்றமாக இருந்தது.

“கொழம்புல கடுகே காணலியே, ஏம்மா?”

“ஒரு வாரமா தாளிக்கதே இல்ல, நர்ஸம்மா.”

“தல ஏன் இப்பிடிப் பறட்டையா கெடக்கு? அம்மா எண்ண வைக்கலியா?”

“வைக்கப்பிடாதுன்னுட்டா.”

“வேப்பெல எங்க கட்டிருக்கு? வாசல்லயா?”

“இல்ல, உள்ள.”

அவள் என் கன்னத்தைத் தட்டி, “கெட்டிக்காரி” என்றாள். அதற்கு முன்னால் என்னை யாரும் அப்படிச் சொன்னதில்லை. அம்மை என்ற வார்த்தையை நான் வாயில் எடுக்கவே இல்லை. சத்தியத்தைக் காப்பாற்றிவிட்டேன் என்ற சந்தோஷத்தோடு மிச்சச் சோற்றைச் சாப்பிட்டு முடித்தேன். ஒன்பது வயதில் என் அறிவு அவ்வளவுதான்.

சாயங்காலம் வீடு திரும்பும்போது சந்தின் முனையில் வண்டி நின்றிருந்தது. எங்கள் வாசற்படிக்குக் கீழே நர்ஸம்மா. உள்ளே இரண்டு ஆட்கள். அம்மா தம்பியின் இரண்டு கைகளையும் விரித்து அவளுக்குக் காட்டிக்கொண்டிருந்தாள். “உள்ளங்கையப் பாருங்க நர்ஸம்மா. ஒண்ணு கூட இல்ல. மொகத்துலயும் நாலஞ்சுதான் கெடக்கு. பெரியம்மைன்னா இப்பிடியா இருக்கும்? நீங்க பெத்தவதானே, ஏறி வந்து ஒரு தடவ பாருங்க” என்று கெஞ்சினாள். அம்மா யாரிடமும் கெஞ்சி அதுவரை நான் பார்த்ததில்லை. நர்ஸம்மா படியேறவில்லை. “அத ஆஸ்பத்திரில டாக்டர் பாத்துச் சொல்லுவாரு. நீ மொதல்லயே சொல்லிருந்தா நானே வந்து பாத்திருப்பேன்” என்றாள். பிறகு கூட்டத்தில் என்னைக் கண்டு தலையசைத்தாள். அம்மா அவள் பார்வை போன திக்கில் திரும்பிப் பார்த்தாள். புரிந்துகொள்ள அவளுக்கு அதுவே போதுமாக இருந்தது. தம்பியைப் போர்வையில் சுற்றித் தூக்கிப் போனார்கள். வண்டியில் போகிற குஷியில் அவன் எனக்குக் கையாட்டினான்.

தொற்றுநோய் ஆஸ்பத்திரியின் கேட்டுக்குள் எங்களை விடவில்லை. அம்மா தினமும் போய் வெளியே நின்றாள். ஐந்தாம் நாளோ ஆறாம் நாளோ, வார்டு ஆயா ஒருத்தி வந்து, சின்னம்மைதான், காய்ந்துவிட்டது, பொருக்கு உதிர்ந்ததும் கூட்டிப் போகலாம் என்றாள். அம்மா அன்று திரும்பி வரும்போது தம்பிக்குப் புதுச் சட்டை வாங்கி வந்தாள். அவனைக் கூப்பிடப் போன நாளில், காய்ச்சல் அடிக்கிறது, பிறகு வாருங்கள் என்று திருப்பி அனுப்பினார்கள். அவன் படுத்திருந்த வார்டில் சுற்றிலும் பெரியம்மை. இந்த முறை உள்ளங்கையிலும் போட்டிருந்ததாம். உடம்பைக் கொடுக்கவில்லை. முகத்தைப் பார்க்காமலிருப்பதே நல்லது என்று மட்டும் அந்த ஆயா அப்பாவிடம் இந்தியில் சொன்னாள். அப்பா அதை அம்மாவுக்குத் தமிழில் சொல்லவில்லை. வரும் வழியில் என்னிடம் சொன்னார். ஏன் என்னிடம் சொன்னாரோ, இன்றுவரை தெரியாது.

வண்டி வந்துபோன மறுநாளே எங்கள் வரிசை முழுக்க அம்மைப்பால் வைத்துக்கொள்ள நின்றது. ஒருத்தியும் முந்தானையை எடுக்கவில்லை. தம்பி போய் ஒரு மாதம் கழித்து நர்ஸம்மா வராந்தாவில் என் பக்கத்தில் வந்து நின்று, “ஒன் தம்பியாலதான் அந்த வரிசைல வேற ஒரு பிள்ளைக்கும் வரல, தெரியுமா?” என்றாள். ஆறுதலாகத்தான் சொன்னாள். அது உண்மையும்கூட. அடுத்த நொடியே அந்த மாதத்துத் தாள்கட்டை என் கையில் கொடுத்து வகுப்பில் விநியோகிக்கச் சொன்னாள். அன்றைக்கு அவளை நான் வெறுத்த மாதிரி பிறகு யாரையும் வெறுத்ததில்லை.

அம்மா என்னை அடிக்கவில்லை. “ஒம் வாயிதாம்ட்டி அவனக் கொன்னுட்டு” என்று ஒரே ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டாள். நான் பரீட்சையில் தேறிய அன்று சொன்னாள். என்னைப் பெண் பார்க்க வந்தவர்களிடம் காபியைக் கொடுத்துவிட்டு, “இவகிட்ட வீட்டு விசயம் ஒண்ணும் பேசிராதிய” என்றாள். அப்பா போன பிறகு டோம்பிவிலியில் என்னோடுதான் இருந்தாள். நான் ஆபீஸ் விட்டு, ரயிலில் நசுங்கி, வந்து ஆக்கிப் போடும் சோற்றைத் தின்றுகொண்டே அதைச் சொன்னாள். நாற்பது வருடம் கேட்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை என் மகளை எதிரில் வைத்துக்கொண்டு சொன்னாள். எனக்குள் ஏதோ அறுந்துவிட்டது. “என் கையில நர்ஸம்மா வச்ச பால் நின்னுச்சு. அவன் கையில வச்சத முந்தானைய நனைச்சுத் தொடச்சது யாரு? தொடைக்காம இருந்திருந்தா அந்த வார்டுல வருசக்கணக்கா கெடந்தாலும் அவனுக்கு ஒண்ணும் வந்திருக்காது. தொடைக்காதன்னு நான்தான் படிச்சும் காட்டுனேன்” என்றேன். எழுபதைத் தாண்டிய கிழவியைக் கொல்ல இதைவிட வேறு ஆயுதம் வேண்டாம் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னேன்.

அம்மா அவரைக்காயை ஆய்ந்துகொண்டிருந்தாள். கையை நிறுத்தவில்லை.

“தெரியும்ட்டி” என்றாள். “உள்ளங்கையிலயும் போட்டிருக்குன்னு ஆயா வந்து சொன்ன அன்னைக்கே தெரியும். ஒன்னயச் சொல்லலன்னா நான் என்னயல்லா சொல்லணும்.”

நாலைந்து நாள் சோற்றைப் பிசைந்து பிசைந்து வைத்துவிட்டு எழுந்து போனாள். அடுத்த வாரம் ஒரு நாள் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து, என் முகத்தைப் பார்க்காமல், மெதுவாக, “ஒம் வாயிதாம்ட்டி” என்று ஆரம்பித்தாள். பாதியில் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

“ஆமாம்மா, எம் வாயிதான்” என்றேன்.

அன்று இரண்டாவது தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டாள்.