இருபத்திரண்டாம் போர்ட்

கட்டுக்கதை என்று நினைப்பவர்கள் நினைத்துக்கொள்ளட்டும். இது நடந்தது கும்மிடிப்பூண்டியில், பட்டப்பகலில். நேரங்களை ஏஞ்சலின் தன் கையாலேயே குறித்து வைத்திருக்கிறாள். நான் ஒன்றும் கூட்டவில்லை.

அவள் ஒரு உருக்காலையில் நெட்வொர்க் வேலை பார்த்தவள். அங்கே ஆபீஸ் கம்ப்யூட்டர்களும் மெஷின்களும் வயர்களெல்லாம் வந்து சேரும் ஒரே பெரிய சுவிட்ச் பெட்டியில்தான் செருகியிருந்தன. ஆனால் அதற்குள் இரண்டுக்கும் தனித்தனி விலேன், கண்ணுக்குத் தெரியாத தடுப்புச் சுவர் மாதிரி. இந்தப் பக்கத்துக்கு அந்தப் பக்கம் தெரியாது. போக வேண்டுமானால் ரவுட்டர் வழியாக, அனுமதியோடுதான் போக வேண்டும்.

யாரோ ஒரு குட்டி சுவிட்சை எங்கோ ஒளித்துவைத்து இரண்டையும் இணைத்துவிட்டார்கள். போன வாரம் ஆபீஸ் டேட்டா மொத்தமும் மெஷின் பக்கம் பாய்ந்து வழியை அடைத்தது. கன்வேயரை நிறுத்தும் சிக்னல் தாமதமாகப் போனது. ஆப்பரேட்டர் திருமலைக்கு இரண்டு விரல்கள் போயின.

பழி ஏஞ்சலின் தலையில் விழுந்தது. திங்கட்கிழமை விசாரணை. அந்தக் குட்டிப் பெட்டியைக் கையோடு கொண்டுபோய்க் காட்டினால் தப்பிப்பாள். இல்லையென்றால் வேலையும் போகும், பெயரும் போகும்.

ஞாயிற்றுக்கிழமை ஆலை மூடியிருக்கும். எல்லா மெஷினும் ஓயும் அன்றைக்குத்தான் தேட முடியும். கூட வேலை செய்யும் பரத்துக்குப் போன் செய்தாள். ஐந்து வருடமாக ஒரே டிபன் பாக்ஸில் சாப்பிட்டவர்கள்.

“இன்னாத்துக்கு ஞாயித்துக்கெழமைல போய்க்கினு? நாளிக்குப் பாத்துக்கலாம்” என்றான்.

“நாளிக்கு என்னத் தூக்கிடுவாங்க, பரத்.”

“போவாத, ஏஞ்சலின்.” போனை வைத்துவிட்டான்.

மதியம் 2:10. சர்வர் அறையில் அவள் மட்டும். எந்தக் கருவி எந்தப் போர்ட்டில், அதாவது வயர் செருகும் எந்தத் துளையில், பேசுகிறது என்று சுவிட்ச் ஒரு பட்டியல் வைத்திருக்கும். ஐந்து நிமிடம் பேச்சில்லை என்றால் அழித்துவிடும். அந்தப் பட்டியலைத் திறந்தாள்.

2:19. அவளுடைய லேப்டாப் ஆபீஸ் பக்கம் இருந்தது. மெஷின் பக்கமும் இருந்தது... இருபத்திரண்டாம் போர்ட்டில்.

ஒரே கருவி இரண்டு பக்கமும் தெரிகிறது என்றால், குட்டிப் பெட்டி அந்த வயரில்தான். அகப்பட்டுவிட்டது. அந்த வயர் போவது பேக்கிங் அறைக்கு.

2:24. பட்டியலில் புதிதாக ஒன்று, கேட் வைஃபையில். பார்த்ததுமே தெரிந்தது. பரத்தின் போன். அவளே பதிந்து கொடுத்தது.

வேண்டாம் வேண்டாம் என்றவன் வந்துவிட்டானே என்று அவளுக்குக் கண் கலங்கியது. வாட்ச்மேனைக் கூப்பிட்டாள்.

“எட்வர்ட் அண்ணே, பரத்த மேல அனுப்புங்க.”

“யாரும் வர்லமா. கேட்டு பூட்டிதான் கீது.”

2:27. கேண்டீன் வைஃபை.

2:29. பேக்கிங் அறை...

அவளைத் தேடி வரவில்லை. நேராக அங்கே போயிருக்கிறான். இடத்தை அவள் இன்னும் யாருக்கும் சொல்லவே இல்லையே...

இப்போது புரிந்தது. ரவுட்டரில் அனுமதி கேட்கச் சோம்பல்பட்டு அந்தப் பெட்டியை வைத்தவன் அவன்தான். வைத்துவிட்டு ஒரு வாரமாக அவளுக்கு ஆறுதல் சொல்லியிருக்கிறான். பாவி.

ஓடினாள்.

பேக்கிங் அறை வெளியே பூட்டியிருந்தது. உள்ளே...

டக்.

வயரைப் பிடுங்கும் சத்தம்.

டக்.

இரண்டாவது.

“பரத்...”

கதவைத் தட்டினாள்.

தன் சாவியால் திறந்தாள். யாரும் இல்லை. அலமாரிக்குப் பின்னால் இரண்டு வயர்கள் தொங்கின.

ஆடிக்கொண்டிருந்தன...

தூசிக்கு நடுவே உள்ளங்கை அளவுக்கு ஒரு சதுரம் மட்டும் சுத்தமாக இருந்தது. தொட்டாள்.

சூடு.

2:33.

திங்கட்கிழமை காலை கேட்டில் எட்வர்ட் அழுதுகொண்டிருந்தார்.

“பரத் போய்ட்டான்மா. நேத்து கவரப்பேட்டையாண்ட லாரி அடிச்சிடுச்சி. இங்கதான் வந்துக்கினு இருந்தானாம்.”

“எத்தினி மணிக்கு?”

“ஒன்னே முக்காலு. செல்போனு சக்கரத்துல மாட்டி தூளாப் பூட்ச்சி.”

விசாரணைக்கு முன் எல்லோரும் எழுந்து பரத்துக்காக ஒரு நிமிடம் மௌனமாக நின்றார்கள். ஏஞ்சலினும் நின்றாள். பிறகு ஆதாரம் கேட்டார்கள். அவளிடம் ஒன்றும் இல்லை; சுவிட்சின் பட்டியலும் அழிந்திருந்தது. பரத்தின் பெயரைச் சொன்னதும், செத்தவன் மேல் பழி போடுகிறாயே என்று மேனேஜர் முகம் சுளித்தார். அன்றே வேலை போனது.

அந்தப் பெட்டி இதுவரை கிடைக்கவில்லை. உயிர் போன பிறகும் அவ்வளவு தூரம் வந்தவன், மாடியேறி அவளிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.