கல் ஏறிய தொட்டில்

நாகவேணி அந்தப் பொம்மைத் தொட்டிலைச் சமையலறைத் தராசில் வைத்து நிறுத்துப் பார்த்தாள். தெர்மாகோல், ஜரிகைத் துணி, கயிறு எல்லாம் சேர்ந்து முந்நூறு கிராம். ஒரு பலூன் தன் எடை போகப் பத்து கிராம் தூக்கும் என்று அவள் கணவன் சிவயோகி சொல்வான். அப்படியானால் முப்பது பலூன், கைகாவலுக்கு ஐந்து, பிள்ளைகள் பிடித்து விளையாட இருபது. சின்ன ஹீலியம் சிலிண்டர் ஒன்று தாராளமாகப் போதும்.

சிவயோகி இறந்து ஏழு மாதமாகிறது. அவர்களுடைய பலூன் அலங்காரக் கடைக்கு, அவன் இல்லாமல் அவள் கணக்குப் போட்ட முதல் ஆர்டர் இது. சிலிண்டரைத் தூக்கிவர அவன் தம்பி ருத்ரேஷ் வந்திருந்தான். அண்ணியை அவன் கன்னடத்தில் அத்திகே என்றுதான் கூப்பிடுவான்.

"இத நல்லபடியா முடிச்சுக் காட்டுங்க அத்திகே. முடியலேன்னா கடைய மொபைல்காரனுக்கு வாடகைக்கு விட்டுடலாம். அண்ணனே போயாச்சு, இனிமே காத்த அடைச்சு என்ன பண்ணப் போறோம்?"

"சரி" என்றாள். வேறென்ன சொல்வது என்று அப்போது தெரியவில்லை.

குழந்தைக்குப் பெயர் வைக்கும் விழா. குழந்தையின் அப்பா சாகர் பெங்களூரில் வேலை பார்ப்பவன். நிஜத் தொட்டிலுக்கு மேலே இன்னொரு தொட்டில் மிதக்க வேண்டும் என்பது அவன் ஆசை. மண்டபத்தில் கயிறுகளைக் கட்டி முடித்து நாகவேணி கையை எடுத்ததும் தொட்டில் தலை உயரத்துக்கு ஏறி நின்று மெல்ல ஆடியது. சாகர் கைதட்டினான். ருத்ரேஷ்கூடப் புருவத்தை உயர்த்தினான்.

அப்போதுதான் சாகரின் அக்கா சிவலீலா உள்ளே வந்தாள். குழந்தையின் காதில் பெயரைச் சொல்லப் போகிறவள் அவள்தான்.

"யாரும்மா இது, காலித் தொட்டில ஆட விட்டிருக்கறது?"

நாகவேணிக்குச் சட்டென்று உறைத்தது. காலித் தொட்டில் ஆடக் கூடாது. அவர்கள் பக்கத்தில் முதலில் அம்மிக் குழவியைக் குளிப்பாட்டி, குங்குமம் இட்டு, குல்லாய் போட்டு, குண்டப்பா என்று கொஞ்சித் தொட்டிலில் கிடத்துவார்கள். அப்புறம்தான் குழந்தை. தன் மகனுக்குப் பெயர் வைத்தபோது அவளே அந்தக் கல்லைக் கிடத்தியவள். கயிற்றின் எடைவரை பார்த்தவளுக்கு இது எப்படி மறந்துபோனது?

"பெரிய தொட்டில்ல உங்க குண்டப்பா படுத்திருக்கானேக்கா. இது வெறும் பொம்மை."

"பொம்மைன்னா ஆடாம இருக்கணும். ஆடுதே!"

"ஒரு கூழாங்கல்லு வெச்சிடட்டுமா?"

"கூழாங்கல்லா? எந்தம்பி புள்ளைக்கா? ஏய், அந்த இஞ்சி தட்டற கல்லக் கழுவிக் கொண்டாங்கடி!"

கல் குங்குமத்தோடு வந்தது. கையளவுதான், ஆனால் அரைக் கிலோ இருக்கும். இன்னும் ஐம்பது பலூன் வேண்டும். நாகவேணி பிள்ளைகளின் கையிலிருந்த பலூன்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கினாள்.

"ஆன்ட்டி, அது என்னோடது!"

"இருடா கண்ணு, அப்புறம் தரேன்."

சிலிண்டரில் இருந்ததை எல்லாம் திறந்துவிட்டாள். பன்னிரண்டு பலூனோடு அது உஸ்ஸென்று அடங்கிவிட்டது. தொட்டிலின் ஜரிகைத் துணியைக் கிழித்தெறிந்தாள். தெர்மாகோல் பல்லிளித்தது. பக்கத்து மேசைமேல் இறக்கிக் கல்லைக் கிடத்தியதும் தொட்டில் ஒரு பக்கம் தூக்கி, மறுபக்கம் மேசையில் மூக்கை உரசிக்கொண்டு நின்றது. அதற்கு மேல் எழவில்லை.

"பறக்குமா பறக்குமான்னு நேத்தே நூறு தடவ கேட்டேனே மேடம்!" என்றான் சாகர்.

"கல்லப் பத்தி நீங்க சொல்லலையே சார்."

"கல்லு வைப்பாங்கன்னு உங்களுக்குத் தெரியாதா? நீங்க எந்த ஊரு?"

அவள் பிறந்தது இதே தாவணகெரெயில்தான். பெண்கள் தாலாட்டைத் தொடங்கிவிட்டார்கள். சிவலீலா குழந்தையின் காதில் குனிந்தாள். கோணலாக நின்ற தொட்டிலை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை, சாகரைத் தவிர. அவன் வீடியோ எடுக்கக் கையில் வைத்திருந்த போனைச் சட்டைப்பைக்குள் வைத்துவிட்டான்.

திரும்பும்போது ஆட்டோவில் ருத்ரேஷ் கேட்டான்: "மொபைல்காரன்கிட்ட சொல்லிடட்டுமா?"

"சொல்லு. கடை கெடையாதுன்னு சொல்லு."

"காலைல நீங்கதானே சரின்னீங்க?"

"சரின்னேன். இப்ப மாட்டேங்கறேன். இஞ்சி தட்டற கல்லுக்காக எல்லாம் கடைய மூட முடியாது."

"அண்ணனா இருந்தா உள்ள என்ன வைப்பீங்கன்னு மொதல்லயே கேட்டிருப்பாரு."

உண்மைதான். யார் வந்தாலும் நச்சரித்து நச்சரித்துக் கேட்பான். அது அவளுக்கு எரிச்சலாக இருந்த காலமும் உண்டு. நாகவேணி முகத்தைத் தெருப்பக்கம் திருப்பிக்கொண்டாள். ஆர்டர் கெட்டதைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். இந்தக் கல் கதையைக் கேட்டிருந்தால் சிவயோகி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்திருப்பான். சிரிக்க அவன் இல்லாததுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை.